துப்பாக்கி தானாக வெடிக்குமா?

அவ்வப்போது நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியில் ஒரு செய்தி வரும். பாதுகாப்புப் பணியில் இருந்த காவலரின் துப்பாக்கி 'தவறுதலாக வெடித்து' அவரோ, பக்கத்தில் இருந்தவரோ இறந்துபோனார் என்று இருக்கும். சில நேரம் 'துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது' என்றும் சேர்த்திருப்பார்கள். மறுநாள் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இறந்தவர் பெரும்பாலும் சின்ன வயதுக்காரர். கிராமத்திலிருந்து வந்து, பயிற்சி முடித்து, கல்யாணம் ஆகி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும்.

எனக்கு அந்தத் 'தவறுதலாக' என்ற சொல்லின் மேல் தீராத கோபம் உண்டு. பஸ் கவிழ்ந்தால் பிரேக் பிடிக்கவில்லையா, டிரைவர் தூங்கினாரா என்று நாம் கேட்கிறோம். கேஸ் சிலிண்டர் வெடித்தால் டியூப் கசிந்ததா என்று கேட்கிறோம். துப்பாக்கி வெடித்தால் மட்டும் ஏதோ இடி விழுந்த மாதிரி எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அது என்ன வகைத் துப்பாக்கி, அப்போது அதன் போல்ட் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

நான் இதைப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். பொன்மலையில் இருக்கிறவர்கள் பாதிப்பேர் ரயில்வே பணிமனை, மீதிப்பேர் துப்பாக்கித் தொழிற்சாலை. நான் இரண்டாவது ரகம். 1966-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் பெரும்பகுதிக் காலம் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். 2021 அக்டோபரில் நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது எங்கள் தொழிற்சாலை ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற கம்பெனிக்குள் போனது. நான் அதற்கு முன்பே பென்ஷன்காரன். ரகசியம் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. கீழே எழுதுவதெல்லாம் உலகத்தில் எந்த நூலகத்திலும் கிடைக்கிற சமாசாரம். நம் தமிழில்தான் யாரும் உட்கார்ந்து எழுதியதில்லை.

முதலில் போல்ட் என்றால் என்ன? நட்டு போல்ட் இல்லை. துப்பாக்கிக் குழாயின் பின்பக்கம் தோட்டா உட்காருகிற குழியைச் சேம்பர் என்பார்கள். அதன் வாயை அடைக்கிற இரும்புக் கட்டைதான் போல்ட். வெடிமருந்து எரியும்போது அழுத்தம் முன்னால் குண்டைத் தள்ளும், பின்னால் சுடுகிறவன் முகத்தையும் தேடி வரும். அதைத் தடுத்து நிற்பது இந்தக் கட்டை.

சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியில் இந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு ஜாதி. பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டு, சேம்பர் காலியாகத் திறந்து கிடந்தால் அது திறந்த போல்ட். முன்னால் வந்து, தோட்டாவை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டு நின்றால் அது மூடிய போல்ட்.

திறந்த போல்ட்டுக்கு நம் நாட்டில் எல்லாரும் பார்த்த உதாரணம் பழைய 9 மி.மீ. கார்பைன். இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் துப்பாக்கியின் வழியில் வந்தது, கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்தார்கள். இடது பக்கம் வாழைக்காய் மாதிரி வளைந்த மேகசின் நீட்டிக்கொண்டிருக்கும். அமைச்சர்களின் பின்னால் நிற்கும் காவலர் தோளில் எத்தனையோ வருடம் தொங்கிய ஆயுதம் அது. சினிமாக்காரர்களும் நம் ஜனங்களும் பொத்தாம்பொதுவாக 'ஸ்டென் கன்' என்றுதான் சொல்வார்கள். ஸ்டென் என்பது ஸ்டெர்லிங்கின் பெரியப்பா. ஷெப்பர்ட், டர்பின் என்று இரண்டு பேரின் முதலெழுத்தோடு என்ஃபீல்டு ஊர்ப் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். இரண்டாம் உலகப் போரில் அவசரத்துக்கு, மலிவாக, தகரக் கடை வேலை மாதிரி செய்து குவித்தது.

இதில் கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் கனமான போல்ட் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். தோட்டா இன்னும் மேகசினில்தான் இருக்கிறது. டிரிகரை அழுத்தினால் கொக்கி விலகும். போல்ட் முன்னால் பாயும், போகிற போக்கில் மேகசினிலிருந்து ஒரு தோட்டாவை உரசி எடுத்துச் சேம்பருக்குள் தள்ளும், தள்ளிய கையோடு அதை அடித்தும் விடும். அடிக்கிற ஊசி போல்ட்டின் முகத்திலேயே நிலையாக இருக்கிறது. வெடித்த அழுத்தத்தில் காலி உறையும் போல்ட்டும் பின்னால் வரும். டிரிகரில் விரல் இருந்தால் மறுபடி போகும், விரலை எடுத்தால் கொக்கியில் மாட்டி நிற்கும்.

எளிமையான வேலை. பாகங்கள் குறைவு. சுட்டு நிறுத்தினால் சேம்பர் திறந்து காற்றாடும், சூடு ஆறும். இந்தக் காரணத்தால்தான் பிரென் போன்ற பழைய எல்.எம்.ஜி.யும், பெல்ட் போட்டுச் சுடும் எம்.ஏ.ஜி. மெஷின் கன்னும் திறந்த போல்ட்டாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு குறை. டிரிகரை அழுத்தியதும் அத்தனை இரும்பும் முன்னால் ஓடி முட்டிய பிறகுதான் தோட்டா வெடிக்கிறது. அதற்குள் குறி ஆடிவிடும். கல்லை உண்டிவில்லில் வைத்து விடும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் முழங்கையைத் தட்டிவிட்ட மாதிரி. கிட்டத்தில் சரமாரியாகச் சுடுவதற்குப் பரவாயில்லை. முந்நூறு மீட்டரில் ஒற்றைக் குண்டு சரியாகப் போகவேண்டும் என்றால் உதவாது.

அதற்குத்தான் மூடிய போல்ட். எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே. ரகங்கள், அந்த வழியில் எங்கள் தொழிற்சாலையில் செய்த திருச்சி அசால்ட் ரைபிள், கமாண்டோக்கள் வைத்திருக்கும் எம்.பி.5, எல்லாம் இந்த ஜாதி. அதிகாரிகள் இடுப்பில் செருகும் 9 மி.மீ. பிஸ்டல், இஷாப்பூரில் செய்வது, அதுவும் தோட்டாவைச் சேம்பரில் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கும் வகைதான்.

இதில் கைப்பிடியை இழுத்து விட்டதுமே தோட்டா சேம்பருக்குள் போய்விடும். போல்ட் அதன் பின்னால் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். எஸ்.எல்.ஆரில் போல்ட்டின் பின்முனை கீழே சாய்ந்து ஒரு தடுப்பில் முட்டி நிற்கும். இன்சாஸிலும் ஏ.கே.யிலும் போல்ட் சற்றே திரும்பி, அதன் காதுகள் காடியில் மாட்டிக்கொள்ளும். டிபன் கேரியர் தட்டைத் திருகி மூடுகிற மாதிரி. டிரிகரை அழுத்தினால் ஒரு சிறிய ஹேமர் மட்டும் எழுந்து ஊசியைத் தட்டும். பெரிய இரும்பு எதுவும் அசையாது. குறி வைத்தது வைத்தபடி இருக்கும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். குண்டு குழாயின் முன்பகுதியைத் தாண்டும்போது பின்னால் வரும் எரிவாயுவில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாகக் குழாய்க்கு மேலே இருக்கும் சிலிண்டருக்குப் போகிறது. அங்கே ஒரு பிஸ்டன். வாயு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் போல்ட் சுமக்கும் கட்டையைப் பின்னால் தள்ளுகிறது. அந்தக் கட்டை உடனே போல்ட்டைத் தொடாது. கொஞ்ச தூரம் சும்மா போய், அதன் பிறகுதான் பூட்டைத் திறக்கும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் குண்டு குழாயை விட்டு வெளியேறி அழுத்தமும் தணிந்திருக்கும். பணிமனையில் நீராவி இன்ஜின் பார்த்த நம் அண்ணன்மார்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நீராவி சிலிண்டருக்குள் எப்போது நுழையவேண்டும், எப்போது வெளியேறவேண்டும் என்று வால்வு வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். நேரம் பிசகினால் அங்கே இன்ஜின் உதறும், இங்கே உறை கிழியும். இந்த நேரக்கணக்கு பிசகாமல் இருக்க எத்தனை கேஜ், எத்தனை அளவை என்று நான் பேச ஆரம்பித்தால் என் வீட்டம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆகவே விடுகிறேன்.

போல்ட் பின்னால் வரும்போது காலி உறை வெளியே எகிறும், ஹேமர் மறுபடி மடங்கி நிற்கும். ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் தள்ள, அடுத்த தோட்டா சேம்பருக்குள் போய்க் கதவு சாத்திக்கொள்ளும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில். கவனியுங்கள்: ஒரு குண்டு சுட்ட பிறகு துப்பாக்கி ஓய்ந்துவிடவில்லை. அடுத்ததை வாயில் போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறது. பழைய .303-ல் அப்படிக் கிடையாது. ஒவ்வொரு குண்டுக்கும் காவலர் தன் கையால் போல்ட்டைத் திருகி இழுத்துத் தள்ளவேண்டும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது அவர் கைக்கே தெரியும். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் அந்த நினைவு கையிலிருந்து போய்விட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருந்தார். மாலையில் ரயில்வே மைதானத்துப் பக்கம் சேர்ந்து நடப்போம். ஒருநாள் இந்த மாதிரிச் செய்தி ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் சொன்னார்: "சார், மேகசினைக் கழட்டிட்டா அது வெறும் இரும்புத் தடிதானே? அப்புறம் எப்படிச் சார் வெடிக்கும்? ஏதோ மறைக்கிறாங்க."

அவர் முட்டாள் இல்லை. முப்பது வருடம் கார்பைனைத் தூக்கியவர். அவருடைய கார்பைனுக்கு அவர் சொன்னது கிட்டத்தட்டச் சரி. போல்ட் பின்னால் நிற்கிறது, சேம்பர் காலி. மேகசினைக் கழற்றிவிட்டு டிரிகரை அழுத்தினால் போல்ட் முன்னால் போய் வெறும் சேம்பரில் 'டக்' என்று முட்டி நிற்கும். அவ்வளவுதான். அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் முப்பது வருடம் ஆயுத அறையில் ஆயுதத்தை ஒப்படைத்தார். அதே கை, அதே பழக்கத்தோடு, மூடிய போல்ட் ரைபிளில் மேகசினைக் கழற்றிவிட்டு டிரிகரை அழுத்தினால்? சேம்பரில் ஏற்கெனவே ஒரு தோட்டா பூட்டி வைக்கப்பட்டிருந்தால் அது வெடிக்கும். மேகசின் கையில் இருக்கும், ஆள் கீழே கிடப்பார்.

வரிசை மாறினாலும் இதே கதிதான். முதலில் கைப்பிடியை இழுத்து உள்ளே இருந்த தோட்டாவை வெளியே தள்ளிவிட்டோம் என்று நினைப்பார்கள். மேகசின் இன்னும் மாட்டியிருப்பதால் அடுத்தது உள்ளே போய்விடும். அதன் பிறகு மேகசினைக் கழற்றி என்ன பயன்? மேகசின் முதலில், கைப்பிடி பிறகு, கண்ணால் சேம்பரைப் பார்ப்பது மூன்றாவது. முடிந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பது. அதுவரை குழாய் மனிதர் இல்லாத பக்கம்.

இன்சாஸில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் இருபது தோட்டா மேகசின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இருக்கும், உள்ளே எத்தனை இருக்கிறது என்று வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் உயிர் வாங்குகிற அந்த ஒன்று மேகசினில் இல்லை, சேம்பரில் இருக்கிறது. அது கண்ணாடியில் தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் போல்ட் முன்னால் இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். சாத்திய வீட்டுக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் துப்பாக்கி 'தானாக' வெடிக்கவே வெடிக்காதா என்று கேட்டால், வெடிக்கும். இரண்டு சந்தர்ப்பங்களில். ஒன்று, பழைய ஸ்டென் போன்ற திறந்த போல்ட்டில். போல்ட் முன்னால் இருக்கிறது, தோட்டா நிறைந்த மேகசின் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். துப்பாக்கி கட்டைப்பக்கமாகத் தரையில் விழுந்தால், போல்ட் தன் கனத்தாலேயே கொஞ்சம் பின்னால் போகும். கொக்கியில் மாட்டும் அளவுக்குப் போகாது, ஆனால் ஒரு தோட்டாவைக் கவ்வும் அளவுக்குப் போய்விடும். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, வெடிக்கும். டிரிகரை யாரும் தொடவே இல்லை. ஜீப்பிலிருந்து குதித்தபோது வெடித்தது என்று போர்க்காலத்து ஆட்கள் சொன்ன கதைகள் இந்த வகை.

இரண்டு, மூடிய போல்ட்டில். விடாமல் நூற்றுக்கணக்கில் சுட்டுக் குழாய் கொதித்துக் கிடக்கும்போது, சேம்பரில் தங்கிவிட்ட தோட்டா அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதனால்தான் சரமாரியாகச் சுடும் மெஷின் கன்களைத் திறந்த போல்ட்டாகச் செய்கிறார்கள் என்று மேலே சொன்னேன். கோயில் திருவிழாவில், வங்கி வாசலில், நீதிமன்ற வளாகத்தில் காலை முதல் ஒரு குண்டும் சுடாமல் நிற்கிறவரின் துப்பாக்கிக்கு இந்தச் சூடு எங்கிருந்து வரும்?

ஆக, 'தவறுதலாக வெடித்தது' என்று ஒரு செய்தி வந்தால் கேட்கவேண்டியவை தெளிவாக இருக்கின்றன. அது எந்த ரகம்? சேம்பரில் தோட்டா ஏற்றி நிற்கும்படி உத்தரவு இருந்ததா, அல்லது மேகசின் மட்டும் மாட்டியிருக்கவேண்டுமா? அவர் கடைசியாக அந்த ரகத்தில் எப்போது பயிற்சி எடுத்தார்? பணி மாறும்போது ஆயுதத்தைக் காலி செய்ய ஒதுக்கிய இடம் அங்கே இருந்ததா? இதற்கெல்லாம் பதில் எழுதினால் 'தவறுதலாக' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. சட்டத்திலும் அலட்சியத்தால் மரணம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. முன்பு 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. அலட்சியம் யாருடையது என்பதுதான் கேள்வி. செத்துப்போனவர் தலையிலேயே அதைக் கட்டிவிடுவது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. அவர் எழுந்து வந்து 'எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை' என்று சொல்லப்போவதில்லை.

துப்பாக்கிச் சூட்டைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1946 செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் போனார்கள். இன்றும் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம். அங்கே யாரும் 'தவறுதலாக' என்று சொல்லி முடித்துவிடவில்லை. யார் உத்தரவிட்டது, ஏன் என்று நம் பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சீருடைக்குள் இருப்பவன் சாகும்போதும் அதே கேள்வியைக் கேட்கத்தானே வேண்டும்?

சினிமாவையும் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், மனசு ஆறட்டும். கதாநாயகன் ஏ.கே. ரகத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் கைப்பிடியை 'சடக் சடக்' என்று இழுக்கிறார். நிஜத்தில் அப்படி இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல தோட்டா வெளியே எகிறித் தரையில் விழும். நாலு வசனம் பேசினால் நாலு தோட்டா போச்சு. சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு கெடுதல் இருக்கிறது. அந்தச் சத்தம் வந்தால்தான் துப்பாக்கி தயார் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். மூடிய போல்ட் சத்தமே போடாமல் மணிக்கணக்காகத் தயாராக இருக்கும்.

என் நண்பர்கள் சிலர், 'பழைய கார்பைனே இருந்திருக்கலாமே, ஏன் மாற்றினார்கள்?' என்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். மூடிய போல்ட் மேலான இயந்திரம். கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு ஆளைக் குறிவைக்கவேண்டிய இடத்தில் முன்னால் ஓடிக் குறியை ஆட்டும் கனத்த இரும்பு ஆபத்து. கீழே விழுந்தால் வெடிக்கும் சங்கதியும் அதில் பெரிதும் குறைவு. மாற்றியது சரி. இயந்திரத்தை மாற்றிய அதே நாளில் கையின் பழக்கத்தையும் மாற்றியிருக்கவேண்டும், அதைத்தான் பல இடங்களில் செய்யவில்லை என்று நினைக்கிறேன். ஒரு நிலையத்தில் .303, கார்பைன், இன்சாஸ், பிஸ்டல் என்று நாலு தலைமுறை ஆயுதங்கள் ஒரே அலமாரியில் நிற்கும். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை இன்னொன்று என்று எடுத்துப் போகிறவரிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பழக்கம் எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்?

செய்யவேண்டியது பெரிய செலவு இல்லை. ராணுவ முகாம்களில் வாசலருகே மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று சாய்வாக வைத்திருப்பார்கள். பணி முடிந்து வருகிறவர் குழாயை அதற்குள் நீட்டி, இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஆயுதத்தைக் காலி செய்யவேண்டும். கணக்குத் தப்பினாலும் குண்டு மணலுக்குள் போகும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும், ஆயுதக் காவலர் வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் அது இருக்கவேண்டும் என்பது என் கட்சி. ஆயுத அறைச் சுவரில் தமிழில், பெரிய எழுத்தில், எந்த ரகம் எந்த ஜாதி, எந்த வரிசையில் காலி செய்வது என்று எழுதிய பலகையும் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த கையேடு பீரோவுக்குள் இருந்து பயனில்லை.

ஏட்டிடம் அன்றைக்கு இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னேன். கையில் இருந்த குடையை ரைபிளாக வைத்துக்கொண்டு போல்ட், சேம்பர் எல்லாம் காட்டினேன். போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம், "கடைசி நாலு வருஷம் எனக்கும் இன்சாஸ்தான் சார் கொடுத்தாங்க. நான் அந்த 'டக்' சத்தம் கேட்டுத்தான் ஒப்படைச்சேன்" என்றார்.

சேம்பரைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். யாரும் பார்க்கச் சொன்னதில்லை என்றார்.